பாலு மகேந்திராவும் நம் மண்ணின் ஒளியும்

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. உடல்நலத்தைப் பேணுமாறு சொல்லுங்காற் பெரியோர் இதனை எடுத்தாளுவர். ஆயின் கலை வரலாற்றுக்கும் இஃது அப்படியே பொருந்தும். சித்திரம் எழுத வல்லான் ஒருவன் பிறந்துவிட்டான். அவன் பிறந்த ஊரிலோ சுவர் இல்லை. அவன் என் செய்வான்? சுவர் உள்ள ஊரைத் தேடிப் போவான். போன பின்னர் அவன் எழுதிய சித்திரம் எந்த ஊருக்கு உரியது?

இவ்வினா எம் உள்ளத்தில் எழுந்தது ஒரு மாணவனாலாகும். கொடிகாமச் சந்தையின் விடியற்பொழுதைத் தன் கைத்தொலைபேசியிற் படமாக்கி வந்து அவன் எமக்குக் காட்டினான். தேங்காய்க் குவியல்களுக்கு மேலாகத் தென்னோலைகளின் ஊடே இறங்கும் வெயில் அதில் நன்றாகவே விழுந்திருந்தது. பார்த்து முடிந்ததும், "சேர், எங்கடை ஆக்களிலை பெரிய படம் எடுத்தவை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டான். பாலு மகேந்திரா என்றோம். "அவர் இந்தியா அல்லோ?" என்றான். அவன் மீது குறை சொல்வதற்கில்லை. நூல்களும் விருதுப் பட்டியல்களும் அவரை அவ்வாறே குறிக்கின்றன. அன்று அவனுக்குச் சொல்லாது விட்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

மட்டக்களப்பு நகரை அடுத்துள்ள அமிர்தகழி, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தால் நாடறிந்த ஊர். ஆடி அமாவாசையன்று அதன் தீர்த்தக் கரையில் திரளும் கூட்டத்தைக் கண்டோர் மறவார். அவ்வூரில் 1939 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் நாள், ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பாலு மகேந்திரா. பெற்றோர் இட்ட பெயர் பெஞ்சமின் மகேந்திரன். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றார். வாவியும் கடலும் இருபுறமும் சூழ, நீரிற் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தினிடையே வளர்ந்த பிள்ளை அவர். இதனை நாம் அணிக்காகச் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவர் தம் படங்களில் ஒளியைக் கையாண்ட முறையை நோக்குவார்க்கு, நேரே விழும் வெயிலிலும் எதன் மீதேனும் பட்டுத் திரும்பி வரும் மெல்லொளியே அவருக்கு உவப்பானது என்பது விளங்கும்.

அவர் மாணவராயிருந்த காலத்தில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீன், 'குவாய் நதிப் பாலம்' என்னும் படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்தார். கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டது. பாடசாலைச் சுற்றுலாவொன்றிற் சென்ற மகேந்திரன் அப்படப்பிடிப்பைக் கண்டார். இயக்குநர் மழை என்று ஆணையிட, மழை பெய்தது. கருவியாற் பெய்வித்த மழைதான் அது. எனினும் ஒரு மனிதன் சொல்ல வானம் கேட்டது போன்ற அக்காட்சி பையனின் நெஞ்சிற் பதிந்துவிட்டது. தாமும் ஒருநாள் அவ்வாறு மழை பெய்விக்க வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டதாக அவரே பின்னாளிற் பலகாலும் சொல்லியிருக்கிறார்.

உறுதி பூண்டாயிற்று. அதனை நிறைவேற்ற இந்நாட்டில் என்ன இருந்தது?

சிங்களத்தின் முதற் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. அஃது எடுக்கப்பட்ட இடம் மதுரை! சிங்கள மொழி பேசிய படம் தமிழ்நாட்டுக் கலையகத்திலே, தமிழ்நாட்டுத் தொழில்நுட்பாளர் கையிலே உருவாயிற்று. பின்வந்த பலவும் அவ்வாறே. 1956 இன் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தம் 'ரேகாவ' படத்தை வெளியிட்டபோதுதான் இத்தளை அறுந்தது. கலையகத்தை விட்டு வெளியேறி, சிங்களக் கிராமத்தைச் சூரிய ஒளியிலேயே படமாக்கிக் காட்டினார் அவர். மறு ஆண்டு அப்படம் கான் விழாவுக்கும் சென்றது. டேவிட் லீன் மரப்பாலம் கட்டிய காலமும் ஏறக்குறைய இதுவே என்பது கருதத்தக்கது.

தமிழரிடையே இத்தகைய மாற்றம் நிகழவில்லை. காரணம் எளிது. சிங்களவர்க்குத் தம் மொழியிற் படம் வேண்டுமாயின் தாமே எடுத்தாக வேண்டும். எமக்கோ, சென்னையிலிருந்து வாரந்தோறும் பெட்டியில் வந்து இறங்கின. யாழ்ப்பாணத்துத் திரையரங்குகளில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் நிறைந்திருக்க, உள்ளூர்ப் படத்தைத் தேடுவார் யார்? 1960 களின் தொடக்கத்தில் 16 மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்', அதனையடுத்த 'தோட்டக்காரி' முதலியன துணிவுள்ள சிலரின் முயற்சிகள். அவை ஒரு தொழிலாக வேரூன்றவில்லை. ஒரே மொழி பேசும் பெரிய அயலவர் இருப்பது பேறு என்றே எண்ணிப் பழகிவிட்டோம். அப்பேற்றுக்கு ஒரு விலையும் உண்டு என்பதை எண்ணினோமில்லை.

ஆகவே மகேந்திரன் கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் வரைஞராகப் பணியேற்றார். 'தேனருவி' என்னும் இலக்கிய ஏட்டில் ஈடுபட்டார். பின்னர் 1966 அளவில் இந்தியாவுக்குச் சென்று பூனாத் திரைப்படக் கல்லூரியிற் சேர்ந்தார். இயக்கம் பயிலவே விரும்பிச் சென்றவர்க்குக் கிடைத்தது ஒளிப்பதிவுப் பிரிவு என்பர். 1969 இல் அதில் தேறினார். நாடு திரும்பி வந்து செய்வதற்கு ஒன்றுமில்லை, திரும்பவில்லை.

இவ்விடத்தில் வெளிநாட்டு ஒப்பீடு ஒன்று பயன்படும். ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் அல்பேனியா என்றொரு சிறு நாடு உண்டு. 1960 அளவில் அதன் மக்கள்தொகை இருபது இலட்சத்தையும் எட்டவில்லை. அந்நாட்டு இயக்குநர் திமித்தெர் அனக்னொஸ்தி 1936 இற் பிறந்தவர். நம்மவரிலும் மூன்றாண்டு மூத்தவர். அவரும் தம் நாட்டை விட்டுச் சென்றே கலை பயின்றார். மொஸ்கோவிலே அவர் கற்றதும் ஒளிப்பதிவே. ஆயினும் அவர் திரும்பிச் சென்றார். ஏனெனில் தலைநகராகிய திரானாவில் 1952 தொடக்கம் அரசினர் நிறுவிய கலையகம் ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. 1966 இல் விக்தோர் ஜீக்கா என்பாரோடு சேர்ந்து 'ஒளியின் ஆணையர்' என்னும் படத்தைத் தம் மொழியிலே எடுத்தார். கட்சி விரும்பியதையே எழுதவேண்டிய சுவர் அது. அதன் இடர்ப்பாடுகள் வேறு. என்றாலும் சுவர் இருந்தது. இருவர் வாழ்வும் பிரிந்து செல்லும் இடம் இதுவே.

பூனாவில் மகேந்திரன் செய்த பயிற்சிப் படத்தைக் கண்டு வியந்த மலையாள இயக்குநர் ராமு காரியாத், தம் 'நெல்லு' படத்தின் ஒளிப்பதிவை அவரிடம் ஒப்புவித்தார். பி. வத்சலா எழுதிய நாவலைத் தழுவி, வயநாட்டுக் காட்டுப் புறங்களில் எடுக்கப்பட்ட வண்ணப்படம் அது. 1974 இல் வெளிவந்து, சிறந்த ஒளிப்பதிவுக்கான கேரள அரசின் விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது.

அவருடைய ஒளிப்பதிவிற் புதுமை யாது? அக்காலத்துத் தென்னிந்தியப் படங்களை நினைவுகூர்க. நள்ளிரவிற் குடிசைக்குள் ஏழைப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். முகத்தின் மீது கடும் விளக்கொளி விழும். கூந்தலின் ஓரம் பின்விளக்காற் பளபளக்கும். சுவரில் இரண்டு மூன்று நிழல்கள் தெரியும். குடிசையில் எரிவதோ ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அவ்வளவு ஒளி எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. படச்சுருளின் ஒளியுணர்திறன் குறைவாயிருந்த காலத்தில் அஃது ஒரு தேவை. பின்பு அத்தேவை குறைந்தும் வழக்கம் நின்றுவிட்டது. பாலு மகேந்திரா கேட்ட முதற் கேள்வியே, இவ்வறையில் ஒளி எந்த வழியாக வரும் என்பதாகும். சாளரம் இருப்பின் சாளரத்தின் வழியே. கதவு திறந்திருப்பின் கதவின் வழியே. விளக்கு வைக்க நேர்ந்தாலும் அதனை நேரே முகத்திற் பாய்ச்சாது, வெள்ளைப் பரப்பொன்றில் மோதச் செய்து, அங்கிருந்து திரும்பும் ஒளியையே கொண்டார். காலை மாலைப் பொழுதுகளின் சாய்ந்த வெயிலை விரும்பினார். நடிகர்க்கு ஒப்பனையைக் குறைத்தார். கறுத்த முகம் கறுத்தே தோன்றிற்று. கண்கூசாத அப்படங்களைக் கண்டோர், வீட்டு முற்றத்தில் இருந்து பார்ப்பது போன்ற நெருக்கத்தை உணர்ந்தனர். 1978 இல் இயக்குநர் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' அத்துணை உயிரோடு விளங்குவதற்கு இவருடைய கமெராவும் ஒரு காரணம்.

தாமே இயக்கிய முதற் படம் 'கோகிலா', 1977. அது கன்னடப் படம். ஈழத்துத் தமிழர் ஒருவர், பூனாவிற் பயின்று, மலையாளத்திற் பெயர் பெற்று, கன்னடத்தில் இயக்குநரானார்; அப்படம் சென்னையில் நெடுநாள் ஓடியது! அவ்வாண்டின் சிறந்த கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான இந்திய தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அதே 1977 இல் யாழ்ப்பாணத்தில் வேறொன்று நிகழ்ந்தது. பரமேசுவராக் கல்லூரி வளவிலே 1974 இல் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழக வளாகத்தில் அக்காலத்தில் விரிவுரையாளராயிருந்தவர், கண்டியைச் சேர்ந்த தர்மசேன பத்திராஜா. 'அஹஸ் கவ்வ' என்னும் படத்தால் முன்னரே பெயர் பெற்ற சிங்கள இயக்குநர். காவலூர் இராசதுரை எழுதிய கதையைக் கொண்டு அவர் 'பொன்மணி' என்னும் தமிழ்ப்படத்தை இங்கேயே எடுத்தார். சீதனத்தால் வீட்டிலே தங்கிப்போன பெண்கள், சாதி வரம்பை மீறிய காதல், அதற்கு ஊர் கொடுத்த தண்டனை என நாம் வெளியிற் பேசக் கூசுவனவற்றை அப்படம் பேசிற்று. நம் வேலிகளும் ஒழுங்கைகளும் கடற்கரையும் ஒரு தேர்ந்த கலைஞரின் கண்ணாற் பதிவாயின. நாமோ அதனை ஓடவிடவில்லை. பாட்டும் சண்டையும் நிறைந்த சென்னைப் படத்துக்குப் பழகிய கண்களுக்கு நம் சொந்த முற்றம் சலிப்பைத் தந்தது போலும். நம் மண்ணிற் பிறந்தவர் பிறர் மண்ணைப் படமாக்கிய அதே ஆண்டில், நம் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் நம் மண்ணைப் படமாக்கினார். சுவர் இல்லை என்று சொல்லும்போது, கட்டிய சுவரொன்றை நாமே பாராது விட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பத்திராஜா 2018 இற் காலமானார்.

மீண்டும் பாலு மகேந்திராவிடம் வருவோம். 1979 இல் வந்த 'அழியாத கோலங்கள்' அவர் தமிழில் இயக்கிய முதற் படம். பதின்பருவச் சிறுவர் மூவர், அவ்வூர்ப் பள்ளிக்கு வந்து சேரும் இளம் ஆசிரியை, ஆறு, அந்த ஆற்றில் நேரும் ஒரு சாவு. தம் இளமை நினைவுகளிலிருந்து பிறந்தது என்று அவரே குறித்த கதை இது. அமிர்தகழிப் பையன்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டனர் என்று கொள்ளலாம். ஊரின் பெயர் மாறியது, பேச்சு மாறியது, விளையாட்டும் குறும்பும் மாறவில்லை. சலில் சௌத்ரியின் இசையில் அமைந்த அப்படத்தை ஈழத்தவர் ஒருவர் காணும்போது ஒரு வகை ஏக்கம் தோன்றுவதுண்டு. மட்டக்களப்புத் தமிழில் அப்பிள்ளைகள் பேசியிருந்தால் என்ற ஏக்கம்தான் அது.

1982 இல் 'மூன்றாம் பிறை'. நினைவிழந்து குழந்தையுள்ளம் பெற்ற பெண்ணை மீட்டு, நீலகிரியில் வைத்துப் பேணுகிறான் ஓர் ஆசிரியன். நினைவு திரும்பியதும் அவள் அவனை மறந்துவிடுகிறாள். புகையிரத நிலையத்தில் மழை கொட்ட, வண்டிக்குள் இருப்பவளுக்குத் தன்னை உணர்த்த அவன் குரங்கு வித்தை காட்டி ஓடுவதைப் பார்த்து நெஞ்சு உருகாதார் இலர். கித்துல்கலையிற் பையன் கண்ட மழை இருபத்தைந்து ஆண்டுகளின் பின் இங்கே வந்து பெய்தது. சிறந்த நடிகருக்கான தேசிய விருது கமல்ஹாசனுக்கும், ஒளிப்பதிவுக்கான தேசிய விருது மீண்டும் இவருக்கும் கிடைத்தன. அதே ஆண்டில் மலையாளத்தில் 'ஓளங்ஙள்', தெலுங்கில் 'நிரீக்ஷணா'. 1983 இல் மணிரத்தினத்தின் முதற் படமாகிய கன்னடப் 'பல்லவி அனுபல்லவி'யின் ஒளிப்பதிவும் இவருடையதே.

அவர் செய்தன யாவும் பொன் என்பதற்கில்லை. ஆங்கிலப் படங்களின் சாயல் தூக்கலாகத் தெரியும் படங்கள் சில உண்டு. வணிகரை நிறைவு செய்ய எடுத்த படமும் உண்டு. 1984 இல் அவ்வாறு எடுத்த ஒன்றுக்கு 'நீங்கள் கேட்டவை' என்று பெயரிட்டார். கேட்டீர்கள், தந்தேன், இனி என்னைக் குறை கூறாதீர்கள் என்பது அப்பெயரின் உட்கிடை. அவருடைய சொந்த வாழ்வைப் பற்றி இதழ்கள் எழுதிக் குவித்தன. அது நமக்கு வேண்டாதது.

வேண்டுவது 'வீடு'. 1988 இல் வெளியான அப்படம் அவருடைய படைப்புகளுள் தலையாயது என்பது எம் துணிபு. வாடகை வீட்டை விட்டு வெளியேற்றப்படும் நிலையில், சுதா என்னும் நடுத்தரக் குடும்பத்துப் பெண் சிறு வீடொன்று கட்டத் துணிகிறாள். உடனிருப்போர் தங்கையும் முதிய பாட்டனாரும். கடன், கையூட்டு, ஒப்பந்தகாரனின் களவு என ஒவ்வொரு கல்லும் அவள் உயிரை உண்கிறது. பாட்டே இல்லை. இளையராஜாவின் பின்னணி இசையும் வேண்டிய இடத்து மட்டுமே. சொக்கலிங்க பாகவதர் பாட்டனாராக நடித்தார். அரைகுறையாய் நிற்கும் வீட்டைக் காணக் குடையோடு தனியே வரும் அம்முதியவர், பூசாத சுவர்களைக் கையால் தடவிப் பார்க்கும் காட்சியில் உரையாடல் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. அவர் முகமும், செங்கற் சுவரும், கூரை முற்றுப்பெறாத வீட்டினுள் இறங்கும் பகலொளியும்தான். திரும்பும் வழியில் அவர் இறந்துபடுகிறார். இறுதியில் அந்நிலமே அரசினரின் குடிநீர்த் திட்டத்துக்கு எடுக்கப்பட்ட நிலம் என்ற செய்தி வருகிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப்படம் என்ற தேசிய விருதும் கிடைத்தன.

இக்கதையின் வித்து சென்னையிற் கிடைத்ததன்று. தாம் சிறுவனாயிருந்தபோது தம் தாயார் வீடு கட்டத் தொடங்கியதையும், எப்பொழுதும் சிரித்த முகத்தினளாயிருந்த தாய் அவ்வேலை முடிவதற்குள் எரிச்சலும் சோர்வும் உற்றவளாய் மாறிப்போனதையும் அவர் சொல்லியிருக்கிறார். அத்தாயின் மாறிய முகமே சுதாவின் முகமாயிற்று. மட்டக்களப்பு மண்ணை அவர் ஒருநாளும் கமெராவிற் காட்டவில்லை. ஈழத்தைக் களமாகக் கொண்ட முழுநீளப் படம் எதனையும் அவர் எடுத்தாரில்லை. ஆயினும் அவருடைய சிறந்த படத்தின் அடித்தளம் அங்கேதான் இடப்பட்டது. 'வீடு' இந்தியப் படமா, ஈழத்துப் படமா என்று கேட்பார்க்கு, முதலீடும் மொழிவழக்கும் தெருவும் அவர்களுடையவை, நினைவு எம்முடையது என்று விடை சொல்லலாம். அம்மாணவனுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை அதுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. 'வீடு', அதனையடுத்து முதுமையின் தனிமையைச் சொன்ன 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் மூலப்படிகள் அழிந்துபட்டன என்று அவர் இறுதிக்காலத்தில் மேடைதோறும் வருந்திப் பேசினார். படச்சுருளைக் குளிரூட்டிய அறையில் வைத்துக் காக்க வேண்டும். காவாதுவிடின் அது புளித்து நொய்ந்துவிடும். தமிழ்ப் படங்களுக்கென ஆவணக் காப்பகம் வேண்டும் என்பது அவருடைய ஓயாத கோரிக்கை. ஏடுகளைச் செல்லுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றைத் தேடி உ. வே. சாமிநாதையரும் நம் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அலைந்த வரலாற்றைக் கற்பிப்போர் நாம். அதே பிழை செலுலோயிட்டிலும் நிகழ்ந்திருக்கிறது. இலங்கையிலோ 1983 ஆடிக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா கலையகம் எரியூட்டப்பட்டபோது படச்சுருள்களும் உடன் எரிந்தன.

2007 இல் சென்னையிற் 'சினிமாப் பட்டறை' என்னும் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். பாலா, ராம், வெற்றிமாறன், சீனு ராமசாமி முதலியோர் அவரிடம் உதவியாளராயிருந்து உருவானவர்கள். சிறுகதைகளைப் படிக்கச் சொல்லி, அவற்றைக் காட்சியாக மாற்றும் பயிற்சியையே அவர் முதன்மையாகக் கொடுத்தார். தாமும் 'கதை நேரம்' என்ற தொலைக்காட்சி வரிசையிற் பல சிறுகதைகளைக் குறும்படமாக்கியவர்.

இறுதிப் படம் 'தலைமுறைகள்', 2013. பெருங்கருவிகளை விடுத்து, கையடக்கமான எண்ணியக் கமெராவாற் படமாக்கி, பாட்டனாராகத் தாமே நடித்தார். அதுவரை திரையில் தோன்றாதவர். ஊரை விட்டுப் போய் வேற்றுச் சமயத்துப் பெண்ணை மணந்த மகன். தமிழ் அறியாத பேரப்பிள்ளை. அப்பிள்ளைக்குத் தமிழும் ஆற்றங்கரையும் அறிமுகமாக்கும் கிழவர். அவர் 2014 பெப்ரவரி 13 ஆம் நாள் சென்னையிற் காலமானார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம் என்னும் இந்திய அரசின் விருது 'தலைமுறைக'ளுக்கு வழங்கப்பெற்றதாக அறிவிப்பு வந்தது ஏப்ரலில்.

மாணவனிடம் 'வீடு' படத்தைப் பார்க்குமாறு சொல்லியிருந்தோம். பார்த்துவிட்டு வந்து, பாட்டனார் சுவரைத் தொடும் இடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டான். இருவருமாக இருந்து மறுபடியும் போட்டுப் பார்த்தோம்.